ஷூ கம்பெனி முதலாளிங்களுக்கு ஒரு மடல்: அந்த பத்து நிமிஷத்துக்கு சம்பளம் புடிக்காதீங்க

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனி நடத்துற முதலாளிங்களுக்கும் ஹெச்ஆர்ல இருக்குற சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். நான் மாதனூர் பக்கம், 12 வருஷம் அப்பர் ஸ்டிச்சிங் லைன்ல மெஷின்ல உக்காந்தவ. உங்க மேல கோவத்துல எழுதல, உங்களால ஆகுற ஒரு வேலைய கேட்டு எழுதுறேன். உங்க கிட்ட வேல பாக்குற 30 வயசு தாண்டுன பொண்ணுங்க கர்ப்பப்பை வாய் புற்றுநோய் டெஸ்ட் எடுக்க சம்பளத்தோட நேரம் குடுங்க, முடிஞ்சா அந்த டெஸ்டையே கம்பெனிக்குள்ள கொண்டு வாங்க.

எங்க அண்ணியும் நானும் ஒரே கம்பெனி வேன்ல போனவங்க. காலைல 7 மணிக்கு வேன், வீடு திரும்ப பொழுது சாஞ்சிடும். அண்ணிக்கு 46 வயசுல மாசத்துக்கு ரெண்டு தடவ ரத்தம் படுது, நடுவுல வெள்ள வேற, வாடையோட. "மாதவிடாய் நிக்கிற நேரம்னா இப்டிதான்மா, இதுக்கு போயி இன்னாத்துக்கு லீவு போடணும்"னு சொல்லிகினே இருந்தாங்க. சாப்பாட்டு கூடைக்கு அடியில நாலா மடிச்ச பழைய காட்டன் புடவ துணி ரெண்டு எப்பவும் இருக்கும், மதியம் சாப்புட போறதுக்கு முன்னாடி அத எடுத்துகினு பாத்ரூம் ஓடுவாங்க, திரும்பி வந்து பாதி சோறு கூட எறங்காது. ஒரு நாள் லீவு போட்டா அன்னிக்கு சம்பளமும் போச்சு, அந்த மாசத்து அட்டன்டன்ஸ் போனஸும் போச்சு, அந்த காசுலதான் பையன் காலேஜ் பஸ்ஸுக்கு கட்டினாங்க. இடுப்பு வலியில நிக்க முடியாம போனப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு போனோம், மூணாவது ஸ்டேஜ்னு சொன்னாங்க. கரண்ட் வச்சாங்க, அதான் ரேடியேஷன், கூடவே கீமோ, எல்லாம் பாத்தோம். ரெண்டு வருஷம் கூட இல்ல.

ஒண்ணு சொல்லணும், ஈஎஸ்ஐ, அதான் தொழிலாளர் காப்பீடு, எங்கள கைவிடல. புற்றுநோய் வந்தா ஈஎஸ்ஐல சம்பளத்துல 80 சதவீதம், 2 வருஷம் வரைக்கும் குடுக்குறாங்க, அண்ணிக்கும் வந்துச்சு. ஆனா நோய் வந்தப்புறம் இவ்ளோ குடுக்க வழி இருக்கு, நோய் வராம பாக்குற அந்த ஒரு நாள் சம்பளத்த குடுக்க யாருமே இல்ல. உடம்பு முடியலன்னா மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கி தரலாம், நல்லா இருக்குற பொண்ணு டெஸ்ட் எடுக்க போறதுக்கு என்ன சர்டிபிகேட் வாங்குவா?

இந்த நோய் திடீர்னு வர்றது இல்லங்க. ஹெச்பிவினு ஒரு வைரஸ், கல்யாணம் ஆன யாருக்கு வேணா ஒட்டும், இதுல நடத்தைய பத்தி பேச ஒண்ணுமே இல்ல. முக்கால்வாசி பேருக்கு ஒண்ணு ரெண்டு வருஷத்துல தானா போயிடும், போகாம தங்கிட்டா அது புத்துநோயா மாற 10, 15 வருஷம் ஆகும். அவ்ளோ நாள் டைம் குடுக்குது. ஆரம்ப சுகாதார நிலையத்துல 30 வயசுக்கு மேல ஃப்ரீயா பாக்குறாங்க. அண்ணி போனப்புறம் நான் போனேன், பயந்துகினுதான். நர்சம்மா ஸ்க்ரீன இழுத்து விட்டு அது காத்துல பறக்காம சேஃப்டி பின் குத்துனாங்க, கால மடக்கி படுக்க சொன்னாங்க, மூச்ச மெதுவா விடும்மான்னாங்க, வினிகர் மாதிரி ஒரு தண்ணிய பஞ்சுல தொட்டு கர்ப்பப்பை வாயில வச்சாங்க, ஒரு நிமிஷம் காத்திருந்தாங்க. வெள்ளையா திட்டு தெரிஞ்சா சந்தேகம், இல்லன்னா இல்ல. பத்து நிமிஷம் கூட ஆகல. திட்டு இருந்தாலும் பெரும்பாலும் அந்த இடத்துல மட்டும் சூடு வச்சோ குளிர வச்சோ அப்பவே சரி பண்ணிடலாம், அட்மிஷன் கூட வேணாம். இதுக்காகவா எங்க அண்ணிய பறிகுடுத்தோம்னு வெளிய பெஞ்ச்ல உக்காந்து அழுதேன்.

மேற்கு வங்காளத்துல இருந்து ரெண்டு நாள் ரயில் ஏறி வேலூர்ல வைத்தியம் பாக்க காட்பாடி ஸ்டேஷன்ல வந்து எறங்குறாங்க. நம்ம வேலூர்ல ஐடா ஸ்கடர் அம்மா அந்த சிஎம்சி ஆஸ்பத்திரி ஆரம்பிச்சதே, திண்டிவனத்துல ஒரே ராத்திரில மூணு பொண்ணுங்க பிரசவத்துல செத்தத பாத்துதான், பாக்க பொம்பள டாக்டர் இல்ல. இப்ப டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, ஆஸ்பத்திரி பஸ் தூரம்தான். அது தொறந்திருக்குற நேரத்துல நாங்க உங்க மெஷின் முன்னாடி உக்காந்திருக்கோம்.

அதனால வட்டார மருத்துவ அலுவலர கேட்டு கம்பெனிலயே முகாம் வைங்க. உள்ள தாழ்ப்பாள் போடுற ரூம், ஒரு டேபிள், நல்ல லைட்டு, தண்ணி, பொம்பள நர்ஸ், இவ்ளோதான் வேணும். ஒரே நாள்ல முடிச்சிடாதீங்க, அன்னிக்கு மாதவிடாய்ல இருக்குற பொண்ணுங்களுக்கு பாக்க முடியாது, பத்து பதினைஞ்சு நாள் விட்டு இன்னொரு நாளும் வைங்க. ரிசல்ட்டு அந்த பொண்ணு கையில மட்டும்தான் போகணும், சூப்பர்வைசர் கையில போனா அப்புறம் ஒருத்தியும் வரமாட்டா. திட்டு இருக்குனு சொன்னவங்களுக்கு அடுக்கம்பாறை பெரியாஸ்பத்திரிக்கு போயிட்டு வர்ற நாளுக்கும் சம்பளம் புடிக்காதீங்க, போனஸ்ல கை வைக்காதீங்க. 50 தாண்டுனவங்களுக்கு இந்த வினிகர் டெஸ்ட்ல சரியா தெரியாது, அவங்கள வேற டெஸ்டுக்கு அனுப்பணும். மாதவிடாய் நின்னு ஒரு வருஷம் கழிச்சு ஒரு சொட்டு பட்டாலும் முகாமுக்குனு காத்திருக்க வேணாம், அன்னிக்கே அனுப்பிடுங்க.

அண்ணி பொண்ணுக்கு இப்ப 31. உங்கள்ல ஒருத்தர் கம்பெனிலதான் இருக்கா. டெஸ்ட் எடுத்தியாடினு போன வாரம் கேட்டேன். "ஞாயித்துக்கிழம அங்க பாக்கமாட்டாங்க அத்த, மத்த நாள் டார்கெட் இருக்கு"ன்னா.

முகாம் எந்த தேதினு மட்டும் சொல்லுங்க. லைன் லைனா போயி பொண்ணுங்க கிட்ட பேசி, பயத்த போக்கி, கூட்டிகினு வர்ற வேலைய நான் பாத்துக்கறேன். எனக்கு அதுக்கு சம்பளம் வேணாம்.

இப்படிக்கு,
உங்க லைன்ல 12 வருஷம் தைச்சவ