வால்நட்சத்திரம் பாடல சார், காந்தப்புலம்தான் ஆடுச்சு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன இதழ்ல அறிவியல் பக்கத்துல பாடும் வால்நட்சத்திரம்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, அதை என் பேத்தி படிச்சிட்டு தாத்தா அது நிஜமாவே பாடுச்சான்னு கேட்டா, அதனாலதான் இந்த கடிதம், இல்லன்னா பத்திரிகைக்கெல்லாம் எழுதுற ஆள் நான் இல்ல. 32 வருஷம் டிவி ரிப்பேர் கடை வச்சிருந்தவன். ஐடிஐ படிப்புதான். ஆனா அந்த வால்நட்சத்திரத்தை ஆராயப் போன ரோசெட்டா விண்கலம் விஷயத்தை மட்டும் 2014ல இருந்து கிடைச்ச இடத்துல எல்லாம் தேடித்தேடி படிச்சிட்டு வர்றேன்.

கட்டுரையில "விண்கலத்தின் மைக்ரோஃபோன் பதிவு செய்த பாடல்"னு எழுதியிருக்கு. சார், ரோசெட்டாவுல அதுக்கு மைக்கே கிடையாது. காத்து இல்லாத இடத்துல மைக்கை வச்சு என்ன பண்றது. (அதுல இருந்து இறங்கின பிலே லேண்டரோட கால்ல அதிர்வு சென்சார் இருந்துச்சு, தரையில மோதின சத்தம் அதுல பதிவாச்சு, அது வேற கதை.) நீங்க சொல்ற பாட்டு மேக்னட்டோமீட்டர்ல, அதாவது காந்தப்புலத்தை அளக்குற கருவியில வந்த சிக்னல். 2014 ஆகஸ்ட்ல 67பி சுர்யுமோவ்-கெராசிமென்கோ வால்நட்சத்திரத்துக்கிட்ட போனதும் சுத்தி இருந்த காந்தப்புலம் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடுறது தெரிஞ்சுது, 40ல இருந்து 50 மில்லிஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஆட்டத்துக்கு 20, 25 செகண்ட். நம்ம காதுக்கு 20 ஹெர்ட்ஸுக்கு மேலதான் கேட்கும், அதனால சுமார் 10,000 மடங்கு வேகமாக்கி ஒரு ஜெர்மன் இசைக்கலைஞர் அதை ஆடியோவா பண்ணிக் கொடுத்தாரு. கேட்க நல்லாத்தான் இருக்கு, கடகடன்னு தவளை கத்துற மாதிரி. அதை தப்புன்னு சொல்லல, ஆனா எப்படி பண்ணாங்கன்னு ஒரு வரி போட்டிருக்கலாமே.

சரி ஏன் ஆடுச்சு, அதுதானே விஷயம், அதைப் பத்தி கட்டுரையில மூச்சே இல்ல. அந்த வால்நட்சத்திரத்துக்குன்னு சொந்தமா காந்தம் எதுவும் கிடையாது. இது எப்படி தெரிஞ்சுதுன்னா, பிலே இறங்கினப்போ ஒரே இடத்துல நிக்காம பந்து மாதிரி துள்ளித்துள்ளி போச்சு பாருங்க, எல்லாரும் ஐயோன்னு தலையில கை வச்சாங்க, ஆனா அப்படி துள்ளினதாலதான் ஒரே லேண்டரை வச்சு பல இடத்துல காந்தத்தை அளக்க முடிஞ்சுது! எங்கயும் ஒண்ணும் இல்ல. அப்போ அங்க இருக்கிற காந்தப்புலம் சூரியக் காற்று, அதாவது சூரியன்ல இருந்து வீசிட்டே இருக்கிற சார்ஜ் ஆன துகள் கூட்டம், சுமந்துட்டு வர்றது. வால்நட்சத்திரத்துல இருந்து வர்ற நீராவி மேல சூரியனோட புற ஊதாக் கதிர் பட்டா எலக்ட்ரான் கழண்டுடும். அது வரைக்கும் காந்தத்தை கண்டுக்காம போயிட்டிருந்த மூலக்கூறு, சார்ஜ் ஆன அந்த நிமிஷத்துல இருந்து காந்தம் சொன்னபடி கேட்கும், வளைஞ்சு வட்டம் அடிக்கப் பார்க்கும். பழைய பிக்சர் டியூப் டிவி பக்கத்துல ஸ்பீக்கரைக் கொண்டு வச்சா மூலையில பச்சையும் ஊதாவுமா திட்டு விழும் ஞாபகம் இருக்கா, டியூபுக்குள்ள போற எலக்ட்ரான் வழி மாறிடும், அதேதான் இதுவும். எத்தனை பேர் டியூப் போச்சுன்னு டிவியை தூக்கிட்டு கடைக்கு வந்திருக்காங்க, காயிலை காட்டி டீகாஸ் பண்ணி, அதாவது ஒட்டின காந்தத்தை எடுத்துவிட்டு அனுப்பியிருக்கேன்.

ஆனா இங்க ஒரு வித்தியாசம் இருக்கு. தண்ணி அயனி, அதாவது எலக்ட்ரான் கழண்ட அந்த நீர் மூலக்கூறு, எலக்ட்ரான் மாதிரி இல்ல, கனம் ஜாஸ்தி, காந்தப்புலமோ சில நானோடெஸ்லாதான் (நம்ம ஊர்ல பூமியோட காந்தப்புலம் கிட்டத்தட்ட 40,000 நானோடெஸ்லா), அதனால அது ஒரு வட்டம் அடிக்கணும்னா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேணும், வால்நட்சத்திரமோ நாலு கிலோமீட்டர்தான். வட்டத்தோட ஆரம்பத்துலயே இருக்கிறதால அயனி எல்லாம் ஒரே பக்கமா ஓடும், அப்படி ஓடினா அது கரண்ட், அந்த கரண்ட் நிலையா இருக்காம காந்தப்புலத்தையே அலையடிக்க வைக்குது. பிரவுன்ஷ்வைக் பல்கலைக்கழகத்துல கார்ல்-ஹைன்ஸ் கிளாஸ்மையர் குழுதான் இந்த மேக்னட்டோமீட்டரை பார்த்துக்கிட்டாங்க, ஹாலி மாதிரி பெரிய வால்நட்சத்திரங்கள்ல பார்த்த அலை வேற ரகம், இது அவங்களுக்கே புதுசு.

எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடம் எதுன்னா, காந்தத்தை அளக்கப் போற விண்கலமே காந்தத்தால நிறைஞ்சு கிடந்ததுதான். கருவியை ஒன்றரை மீட்டர் நீட்டின கம்பி மேல வச்சும் உள்ள சுத்துற சக்கரமெல்லாம் சிக்னல்ல வந்து ஒட்டிக்கும், அதை ஒவ்வொண்ணா கண்டுபிடிச்சு கழிச்சுட்டுத்தான் மிச்சத்தை நம்பணும். ஆம்ப்ளிஃபையர்ல ஹம்மிங் எங்கேருந்து வருதுன்னு ராத்திரி 11 மணி வரைக்கும் உக்காந்து தேடின எவனுக்கும் அந்த வேலையோட அருமை புரியும். அதோட விண்கலமே மைனஸ் 10, 15 வோல்ட் வரைக்கும் சார்ஜ் ஏறி நின்னுச்சு, அதையும் கணக்குல எடுக்கணும். இப்படி கழிச்சு கழிச்சு பார்த்ததுலதான் 2015 ஜூலை 26ம் தேதி, வால்நட்சத்திரத்துல இருந்து சுமார் 170 கிலோமீட்டர்ல, காந்தப்புலம் சட்டுனு பூஜ்யம் ஆன ஒரு இடம் சிக்குச்சு. உள்ள இருந்து வர்ற வாயு சூரியக் காற்றோட காந்தத்தை வெளிய தள்ளி நிறுத்திடுது. 1986ல ஹாலிகிட்ட போன ஜியோட்டோ விண்கலம் இதை ஒரே ஒரு தடவை கடந்து போச்சு, ரோசெட்டாவோ கூடவே சுத்தினதால கிட்டத்தட்ட 700 தடவை. அந்த இடம் நினைச்சதை விட ரொம்ப தூரத்துலயே இருந்துச்சு.

கடைசியா ஒண்ணு, இதுதான் எனக்கு நிஜமாவே கோவம். "சூரியக் காற்று இருப்பது அனைவரும் அறிந்ததே"ன்னு ஒரு வரியில தாண்டிட்டீங்க. யார் அறிஞ்சாங்க? 1951ல லூட்விக் பியர்மன்னு ஜெர்மன்காரர் வால்நட்சத்திரத்தோட வாயு வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமா ஓடுறதையும் அதோட வேகத்தையும் பார்த்து, வெளிச்சம் மட்டும் இவ்ளோ தள்ளாது, சூரியன்ல இருந்து துகள் ஏதோ வந்துட்டே இருக்கணும்னு சொன்னாரு. 1958ல யூஜின் பார்க்கர்ங்கிற விஞ்ஞானி அதுக்கு கணக்கு போட்டு ஒரு அறிவியல் பத்திரிகைக்கு கட்டுரை அனுப்புறாரு, அதைப் படிச்சு சரியான்னு பார்க்கிற ரெண்டு ரெஃபரியும் வேண்டாம்னு தள்ளிட்டாங்க. அந்த பத்திரிகையோட எடிட்டர் யார் தெரியுமா, நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சுப்பிரமணியன் சந்திரசேகர். அவருக்கே அந்த ஐடியா மேல நம்பிக்கை இல்ல, ஆனா கணக்குல தப்பை ஒருத்தரும் காட்டலையேன்னு ரெஃபரிங்களை மீறி அச்சுல போட்டாரு. 1962ல மரைனர் 2 விண்கலம் போய் சூரியக் காற்றை அளந்து காட்டுச்சு. ஒரு தமிழ் பத்திரிகையில, அதுவும் ஒரு எடிட்டர் பண்ண காரியம், இதை விட்டுட்டு மைக்ரோஃபோன்னு எழுதியிருக்கீங்களே சார்.

பெரிய மறுப்பெல்லாம் வேண்டாம், அந்த மைக் விஷயத்துக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்க. பேத்தி அந்த பக்கத்தை வெட்டி ஸ்கூல் ப்ராஜெக்ட் நோட்டுல ஒட்டிட்டா, திங்கக்கிழமை மிஸ்கிட்ட காட்டணுமாம்.

இப்படிக்கு,
பழைய டிவி மெக்கானிக் ஒருத்தன்,
பாளையங்கோட்டை