பக்கம் 14க்கு ஒரு பிழைதிருத்தம்

மதிப்புக்குரிய விழாக் குழுவினருக்கு,

வணக்கம்.

கறுப்பின இசைக் கலைஞர்களுக்காக நீங்கள் நடத்திய பெப்ரவரி நினைவு நிகழ்ச்சி முடிந்து ஐந்து வாரமாகிறது. தலைவருக்கு இரண்டு மின்னஞ்சல் போட்டேன், செயலாளரைத் தொலைபேசியில் பிடித்தேன், மலர்க் குழுத் தம்பிக்கு வாட்ஸப்பில் எத்தனை செய்தி அனுப்பினேன் என்று எனக்கே கணக்கில்லை. எல்லாவற்றிலும் நீலக் கோடு இரண்டு விழுந்திருக்கிறது, பதில்தான் விழவில்லை. அதனால் இதை எல்லோரும் வாசிக்கிற மாதிரி எழுதுகிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும், முதலிலிருந்து சொல்லத் தேவையில்லை. நான் கேட்பது ஒன்றுதான்: நினைவு மலரின் 14ஆம் பக்கத்துக்கு ஒரு பிழைதிருத்தம் போடுங்கள்.

ஒன்பது வருடமாக இந்த மலருக்குப் பிழை பார்க்கிறவள் நான். ஒற்று மிகும் இடம், மிகாத இடம் என்று உங்களுடைய வாழ்த்துச் செய்திகளோடு மல்லுக்கட்டியே என் கண்ணாடியின் நம்பர் ஏறிவிட்டது. இந்த முறையும் பக்கம் 14 என் கையால்தான் போனது. தலைப்பு, ‘பாடகி ஜாக்கி ஷேன் (1940-2019)’. அறுபதுகளில் எங்கள் ரொறன்ரோவில் பாடிய கறுப்பினத் திருநங்கை. அச்சாகி வந்த மலரில் அது ‘பெண் வேடமிட்டுப் பாடிய ஆண் பாடகர்’ ஆகிவிட்டது. உள்ளே ‘அவர்’ என்றிருந்த ஏழு இடத்திலும் ‘அவன்’. அதே மலரில் ஜாஸ் பியானோக் கலைஞர் ஒஸ்கர் பீட்டர்சன் ‘அவர்’. பாடகி சலோமி பே ‘அவர்’. பின்னட்டையில் விளம்பரம் தந்த கேற்றரிங் உரிமையாளர் ‘அவர்கள்’. ஏழு இடத்தையும் தேடித் தேடி ஒருவர் மாற்றியிருக்கிறார். எழுத்துப் பிழை தானாக விழும். இது ஆள் இருந்து போட்டது.

அறுபதுகளில் ஜாக்கியைப் பற்றி எழுதிய ஆங்கிலப் பத்திரிகைக்காரருக்காவது ஒரு சாட்டு இருந்தது. அவர்களுடைய மொழியில் ஆண் சொல் அல்லது பெண் சொல், ஏதாவதொன்றைப் போட்டே ஆகவேண்டும். ஆண் சொல்லைத்தான் போட்டார்கள். எங்களுக்கு என்ன கேடு? யாரென்று தெரியாத ஆளையும் மரியாதையாகச் சொல்ல ‘அவர்’ என்று ஒரு சொல் ஆண்டாண்டு காலமாகக் கிடக்கிறது. ‘பாடகி’ என்று போட வாய் வரவில்லையா, ‘அவர்’ என்று விட்டிருக்கலாமே. மேடையில் ஏறினால் தமிழ் மரியாதையின் மொழி என்று முழங்குகிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். வேடம் போட்டவர் யார், போடாதவர் யார் என்பதிலும் உங்களுக்குக் குழப்பம். அன்றைய நிகழ்ச்சியின் உச்சம் ரொக் அன் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட்டின் பாட்டுக்குச் சின்னப் பிள்ளைகள் ஆடிய நடனம். நானும் கை தட்டினேன், நல்ல நடனம். ஆனால் இளம் வயதில் ஊரூராகப் போகும் குழுக்களில் ‘பிரின்சஸ் லவோன்’ என்ற பெயரில் பெண் வேடம் போட்டு ஆடியவர் அதே லிட்டில் ரிச்சர்ட்தான். 1955இல் அவரைத் தூக்கி நிறுத்திய பாட்டின் வரிகளே, ஒலிப்பதிவுக்கு முன் அவசரமாகக் கழுவித் துடைக்கப்பட்டவை. பழைய வரிகளை இங்கே எழுதினால் இந்த மடலுக்குத் தணிக்கை வேண்டிவரும். ஜாக்கியோ வேடம் போட்டவரல்ல. 13 வயதிலேயே தான் பெண் என்று தனக்குத் தெரிந்திருந்தது என்றும், தாய் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார் என்றும் சொன்னவர். மேடைக்கு வந்தது போலவே கடைக்கும் போனார்.

‘குடும்பமாக வந்து பார்க்கிற நிகழ்ச்சி அக்கா’ என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னார். தம்பி, நீங்களும் நானும் ஊரில் பாயைச் சுருட்டிக்கொண்டு, தாய் தகப்பனோடு போய் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்கள்தானே. சந்திரமதியாக வந்து அழுதவருக்கு விடிந்ததும் மீசை முளைத்திருக்கும். எந்தக் குடும்பம் கெட்டது?

ஜாக்கி ஷேன் எங்கள் நகரத்துப் பாடகி. பிறந்தது அமெரிக்காவில், நாஷ்வில்லில். கறுப்பினத்தவருக்குத் தனிக் குழாய், தனிக் கதிரை என்று இருந்த காலம். ஒரு களியாட்டக் குழுவோடு எல்லை தாண்டி வந்தார். மொன்றியலில் பிராங்க் மொட்லியின் குழுவில் சேர்ந்தார். இந்த மொட்லி ஒரே நேரத்தில் இரண்டு ட்ரம்பெட் ஊதக்கூடிய மனுசன். பிறகு ரொறன்ரோ. ரிச்மண்ட் வீதியில் சஃபையர் என்ற மதுச்சாலையில் அவர் பாடுகிற இரவுகளுக்குக் கூட்டம் அலைமோதியது. 1962இல் வெளிவந்த அவருடைய இசைத்தட்டு, அடுத்த வருடம் இங்கத்தைய ‘சம்’ வானொலிப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை ஏறியது. அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அழைத்ததாகவும், ஆண் மாதிரி உடுத்து வரச் சொன்னதால் இவர் மறுத்துவிட்டதாகவும் சொல்லுவார்கள். 1971இல் தாயைப் பார்க்கப் போனவர் மேடையை விட்டே போய்விட்டார். யாரோ கொன்றுவிட்டார்கள் என்றுகூட இங்கே கதை உலாவியது. ஆள் நாஷ்வில் வீட்டில் உயிரோடு இருந்தார். 2017இல் பழைய பாட்டுகள் தொகுப்பாக வந்தன, அதற்குக் கிராமிப் பரிந்துரையும் கிடைத்தது. அந்த விருது விழா நடந்த 2019 பெப்ரவரியிலேயே, 78 வயதில், வீட்டில் தனியே இறந்துபோனார். நீங்கள் நினைவு நிகழ்ச்சி நடத்தியதும் பெப்ரவரி மாதத்தில்தான்.

யங் வீதியில் கொலிஜ் நிலையத்துக்குச் சற்றுத் தெற்கே, இருபது மாடிக்கு மேல் உயர்ந்த கட்டடம் ஒன்றின் சுவர் முழுக்க இசைக் கலைஞர்களை வரைந்திருக்கிறார்களே, அதில் அவரும் இருக்கிறார். நகரம் மாடிக் கணக்கில் வரைந்து வைத்த ஆளைத்தான் எங்கள் மலர் கால் பக்கத்தில் ‘அவன்’ ஆக்கியது.

இனி பெயரட்டை விஷயம். இதை எழுத எனக்கு விருப்பமில்லை. எழுதட்டுமா என்று பிள்ளையிடம் கேட்டேன், எழுதுங்கள் என்றாள்.

ஜாக்கியைப் பற்றிய மூன்று நிமிட உரையை எழுதியவள் என் தங்கையின் மகள், என் பெறாமகள். திருநங்கை. உங்களில் பாதிப் பேருக்கு அவளை நாலு வயதிலிருந்து தெரியும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழை வைத்துக்கொண்டு இரண்டு கிழமை உட்கார்ந்து எழுதினாள். ‘பெரியம்மா, சோல் இசையை ஆன்ம இசை என்று எழுதலாமா?’ என்று கேட்டாள். ‘வேண்டாம் பிள்ளை, தேவாரம் என்று நினைத்துவிடுவார்கள், சோல் என்றே போடு’ என்றேன். நாஷ்வில் தொலைக்காட்சியில் 1965இல் ஜாக்கி பாடிய கறுப்பு வெள்ளைக் காட்சியைத் தொலைபேசியில் எனக்குப் போட்டுக் காட்டினாள். நாலைந்து முறை பார்த்திருப்போம்.

நிகழ்ச்சிக்கு நாலு நாள் இருக்கையில் உரையை எடுத்துவிட்டீர்கள். நேரம் போதாது என்றீர்கள். சரி. அன்றைக்கு அனுசரணையாளர் கௌரவிப்பு 25 நிமிடம் போனதை நான் சொல்லப் போவதில்லை. உரை போனாலும் தொண்டராக வருவேன் என்று சொல்லி வந்தாள். வாசல் மேசையில் கழுத்தில் மாட்டும் பெயரட்டை கொடுத்தார்கள். படிவத்தில் அவள் எழுதியது தன் பெயரை. அட்டையில் அச்சடித்திருந்தது பழைய பெயரை, தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பட்டியலில் இருந்ததை. மேசையில் இருந்தவர் அதைச் சத்தமாக வாசித்துக் கூப்பிட்டார். பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் பேசவில்லை. அட்டையை வாங்கி, வெள்ளைப் பக்கம் வெளியே தெரியத் திருப்பி மாட்டிக்கொண்டாள்.

நூலில் தொங்குகிற அட்டை ஒரு பக்கமாக நிற்காது. நடந்தால் திரும்பும், குனிந்தால் திரும்பும். அன்று மாலை முழுக்க இடது கையால் அதை நெஞ்சோடு அழுத்திப் பிடித்தபடி, வலது கையால் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனாள். ‘ரெண்டு கையாலயும் தாங்கோ பிள்ளை’ என்று ஒரு அம்மா கேட்டதும் என் காதில் விழுந்தது. அதே நேரம் மேடையில் அறிவிப்பாளர், கொஸ்பல் பாடகி சிஸ்டர் ரோசெட்டா தார்ப்பின் கல்லறை 35 வருடம் பெயர் பொறிக்காமல் கிடந்தது என்பதைக் குரல் தழுதழுக்க வாசித்துக்கொண்டிருந்தார். அந்தப் பகுதியை எழுதியவள் நான். அழகாக வாசித்தார், சபையில் கைக்குட்டை எடுத்தவர்களும் உண்டு.

நான் சட்டம் பேச வரவில்லை. பேசினால், ஒன்ராறியோவின் மனித உரிமைச் சட்டத்தில் பாலின அடையாளம் 2012ஆம் ஆண்டே சேர்ந்துவிட்டது என்று தொடங்கவேண்டும். நாங்கள் விட்டுவிட்டு ஓடிவந்த இலங்கையிலேயே 2016 முதல் பாலின அங்கீகாரச் சான்றிதழ் கொடுக்கிறார்கள் என்று முடிக்கவேண்டும். இந்த நாட்டிலும் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று எனக்குத் தெரியும். சஸ்காச்சுவான் மாகாணத்தில் 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் தன் பெயரை மாற்றிக் கூப்பிடச் சொன்னால் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்று 2023இல் சட்டம் போட்டார்கள். உரிமைச் சாசனம் குறுக்கே வரக்கூடாதென்று அதற்கும் ஒரு விலக்குப் பிரிவைக் கூடவே போட்டார்கள். அந்தச் செய்தியை வெற்றிச் செய்தி போல எங்கள் குழுவின் வாட்ஸப்பில் பகிர்ந்தவர் யாரென்று சொல்லமாட்டேன். கைகூப்பி இமோஜி போட்டவர்களையும் சொல்லமாட்டேன். வந்த புதிதில் தொழிற்சாலை மேலாளர்மார் எங்கள் பெயரைச் சுருக்கி சாம் என்றும் சிவா என்றும் கூப்பிட்டபோது, வீட்டுக்கு வந்து சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்து பொருமியவர்கள்தான் நாங்கள் எல்லோரும்.

சரி, அது பெரிய கதை. நான் பக்கம் 14க்கு வருகிறேன்.

மலர் அச்சாகிவிட்டது, இனி ஒன்றும் செய்யமுடியாது என்பதுதான் செயலாளர் கடைசியாகச் சொன்னது. போன முந்திய வருட மலரை நினைத்துப் பாருங்கள். வீடு விற்பனை முகவர் ஒருவரின் முழுப்பக்க விளம்பரத்தில், தொலைபேசி எண்ணின் கடைசி இலக்கம் 6க்குப் பதிலாக 9 என்று வந்துவிட்டது. அன்று இரவே பொருளாளர் வீட்டு பேஸ்மென்டில் குழு முழுவதும் கூடியது. 400 மலர். ஒட்டுத்தாளில் சரியான எண்ணை அச்சடித்து, நான் வெட்டித் தர, நீங்கள் ஒவ்வொருவராக ஒட்டினீர்கள். நடுச்சாமம் ஒரு மணிக்குக் கொத்துரொட்டி வந்தது. தலைவர்தான் வாங்கித் தந்தார். ஒரு இலக்கத்துக்கு அவ்வளவு பாடுபட்ட குழு இது. முடியாது என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.

மலரில் பாதிக்கு மேல் இன்னும் பெட்டியோடு மண்டபக் களஞ்சியத்தில் கிடக்கிறது, நானே பார்த்தேன். அவற்றில் பக்கம் 14க்கு ஒரு ஒட்டுத்தாள். இணையத்தில் ஏற்றிய பிரதியில் திருத்துவதற்கு மலர்க் குழுத் தம்பிக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்த செய்தி மடலில் இரண்டு வரி. அதோடு, தொண்டர் பட்டியலில் பெறாமகளின் பெயரை அவள் எழுதித் தந்தபடி மாற்றிவிடுங்கள். சித்திரை விழாவுக்கும் வருவாளா என்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை, கேட்க வாய் வரவில்லை.

கோபத்தில் ஒரு சொல் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களோடு ஒன்பது வருடம் வேலை செய்தவள் என்ற உரிமையில் எழுதினேன். தயவுசெய்து பக்கம் 14ஐத் திருத்துங்கள். எந்த நாள் வசதி என்று சொன்னால் போதும், கத்தரிக்கோல் கொண்டு வருகிறேன். இந்த முறை கொத்துரொட்டி என் செலவு.

ஒட்டவேண்டிய வாசகத்தையும் கீழே எழுதியிருக்கிறேன். பிழை பார்த்தாயிற்று, அப்படியே அச்சுக்குப் போகலாம்:

‘பிழைதிருத்தம். பக்கம் 14: தலைப்பைப் “பாடகி ஜாக்கி ஷேன் (1940-2019)” என்று வாசிக்கவும். “அவன்” என வரும் ஏழு இடங்களிலும் “அவர்” என்று வாசிக்கவும். தவறுக்கு வருந்துகிறோம். விழாக் குழு.’

இப்படிக்கு,
உங்கள் மலரின் பிழைதிருத்துநர்
ஸ்காபரோ