ஃபுளோரன்ஸில் கார் கண்ணாடியைத் தட்டிய அம்மாவுக்கு

பியாட்சா பெக்காரியா சிக்னலில், ஸ்கூட்டரில் வந்து எங்கள் கார் கண்ணாடியைத் தட்டிய அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வைக்கவில்லை. மனமார்ந்த நன்றி.

மேப் எங்களை நேரே பழைய நகரத்துக்குள் போகச் சொல்லிக்கொண்டிருந்தது. தெருமுனையில் சிவப்பு எழுத்து எரிந்த அந்தப் பலகையை நீங்கள்தான் விரல் நீட்டிக் காட்டினீர்கள். சிவப்பு எரிந்தால் அனுமதி உள்ள வண்டிதான் பழைய நகரத்துக்குள் போகலாம், கேமரா வேலை செய்கிறது, அனுமதி இல்லாத வண்டி பலகையைத் தாண்டினால் நம்பர் பிளேட்டைப் படம் பிடித்துவிடும். அங்கே தடுப்புக் கம்பியும் இல்லை, நிறுத்திக் கேட்கப் போலீஸும் இல்லை. வாடகைக் கார் என்றால் அபராதம் பல மாதம் கழித்துக்கூட வீடு தேடி வரும், கார் கம்பெனியின் கட்டணம் தனி.

அதோடு விடவில்லை நீங்கள். பில்லின் பின்பக்கம் ‘வில்லா கோஸ்தான்சா, டி1’ என்று எழுதிக் கொடுத்து, 1860களில் கோட்டைச் சுவரை இடித்துவிட்டு அந்த இடத்தில் போட்ட வட்டச் சாலைக்கே திருப்பிவிட்டீர்கள். வில்லா கோஸ்தான்சா, ஏ1 நெடுஞ்சாலையிலிருந்தே நேராக நுழையும் பார்க்கிங்; டி1, அங்கிருந்து ஊருக்குள் போகும் டிராம். காரை விட்டுவிட்டு டிராம் ஏறினோம், சாந்தா மரியா நொவெல்லா ரயில் நிலையத்தில் இறங்கினோம். அவ்வளவு சுலபம்! அப்புறம் ஊரை விட்டுக் கிளம்பும்வரை காரைத் தொடவே இல்லை.

பச்சை விழுந்து பின்னால் ஹாரன் அடித்தபோதும் எழுதி முடித்துத்தான் நகர்ந்தீர்கள். நல்லா இருங்கம்மா.