பெயர் மாறியது, செல்போன் கோபுரம் எப்போது?

ஆசிரியர் அவர்களுக்கு,

1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. சரி, நல்லதுதான். பொது அவசர நிலையில் சேவையை நிறுத்தும் அதிகாரம் அதில் கறாராகவே இருக்கிறது. பீஞ்சமந்தை மலைப்பக்கம் எங்கள் சொந்தக்காரர் வீட்டில் நிறுத்துவதற்கே ஒன்றும் இல்லை! பாறை மேல் ஏறி, போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தால் ஒரு கோடு தெரியும். 108-ஐ அழைப்பதற்குள் அதுவும் போய்விடும்.

இப்படிப்பட்ட ஊர்களுக்கான நிதிக்கு 'டிஜிட்டல் பாரத் நிதி' என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். நிறுவனங்களின் வருவாயிலிருந்து வசூலாகும் பணம், அதாவது நாம் ரீசார்ஜ் செய்கிற காசு. அதில் நம் மலைக்கு எத்தனை கோபுரம் என்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிப் போடட்டும்.

- ஒரு வாசகர், அணைக்கட்டு, வேலூர் மாவட்டம்