ராணுவப் போர்வை மெல்லியதாக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்குப் பிறகு நியூ ஜெர்சியில் உள்ள நம் கடையில் விற்ற அமெரிக்க ராணுவப் போர்வைகளில் பதினொன்று திரும்பி வந்துவிட்டன. கொண்டுவந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே குறைதான். ஊரிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருக்கும் ஓர் அம்மா அதை மேசையில் போட்டு, இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி, இது போர்வையா, கோட்டுக்கு உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துணியா?" என்று கேட்டார்.

அவர் கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் உண்மை அதுதான்: அது லைனிங் துணியேதான். அலமாரிக்கு மேல் 'குளிர்காலப் போர்வை' என்று அட்டை எழுதி மாட்டியது என் தவறு. அட்டையைக் கழற்றிவிட்டேன். வாங்கியவர்களுக்கும் வாங்க நினைப்பவர்களுக்கும் இது என்ன பொருள் என்று ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்கப் படைவீரர்களுக்கு மழைக்காகத் தரப்படும் அங்கிக்கு பான்சோ என்று பெயர். நடுவில் தலை நுழைக்க ஓட்டையும் முக்காடும் வைத்த செவ்வகத் துணி, அவ்வளவுதான். அதன் உட்பக்கம் கட்டிக்கொள்வதற்காக வந்தது பான்சோ லைனர். 1960களில், வியட்நாம் போர்க்காலத்தில் புழக்கத்துக்கு வந்தது. அந்தக் காட்டில் கம்பளி எடுபடவில்லை. கம்பளி ஈரத்தைக் குடித்துக் கனத்துவிடும், காய்வதற்கு நாள் கணக்காகும். அதை முதுகில் சுமந்துகொண்டு நடக்கவும் வேண்டும். லைனரின் மேல்துணி நைலான், உள்ளே அடைத்திருப்பது பாலியெஸ்டர் இழை. இரண்டுமே தண்ணீரை அதிகம் உறிஞ்சாது. நனைந்தால் முறுக்காமல் பிழிந்து உதறிவிட்டு அப்படியே போர்த்திக்கொள்ளலாம்; உடம்புச் சூட்டிலேயே பாதி காய்ந்துவிடும். எடை சுமார் 700 கிராம். விரித்தால் ஏறத்தாழ ஏழடி நீளம், ஐந்தடி அகலம். சுருட்டினால் ஒரு ரொட்டிப் பொட்டலம் அளவுக்கு வந்துவிடும்.

வீரர்கள் இதை 'வூபி' என்று செல்லமாகக் கூப்பிடுகிறார்கள். குழந்தைகள் கைவிடாமல் இழுத்துக்கொண்டு திரியும் பழைய துணிக்கு அமெரிக்க வீடுகளில் வழங்கும் பெயர்களில் அது ஒன்று. பணிக்காலம் முடிந்து மற்றதையெல்லாம் ஒப்படைப்பவர்கள் இதை மட்டும் 'தொலைத்துவிட்டேன்' என்று சொல்லிப் பணம் கட்டிவிட்டு வீட்டுக்கு எடுத்துப்போவார்கள் என்று, நம் கடைக்கு வரும் முன்னாள் வீரர்கள் சிரித்துக்கொண்டே சொல்வார்கள்.

கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். மேல்துணியில் பொடிப் பொடியாகக் கட்டங்கள் தெரியும். சற்றுத் தடித்த நூலைக் குறுக்கும் நெடுக்குமாக நெய்திருப்பதால் வருவது அது. ஓரிடத்தில் கிழிந்தால் அந்தக் கிழிசல் அடுத்த தடித்த நூலோடு நின்றுவிடும். ரிப்ஸ்டாப் என்று பெயர் வந்ததும் அதனால்தான். ஓரங்களிலும் மூலைகளிலும் நாடாக்கள் தொங்குகின்றன அல்லவா? அவை பான்சோவின் துளைகளில் கோத்துக் கட்டுவதற்கு. ஒரு வாடிக்கையாளர் பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று எல்லாவற்றையும் கத்தரித்துவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் காரணம் கேட்டார். வெட்டாதீர்கள். இரண்டு லைனர்களைச் சேர்த்துக் கட்டினால் இரட்டைப் போர்வை. சாப்பாட்டு மேசையின் கால்களில் கட்டினால் பிள்ளைகளுக்குக் கூடாரம்.

சரி, இவ்வளவு மெல்லியது எப்படிக் குளிர் தாங்கும்? நம்மைக் கதகதப்பாக வைப்பது துணியின் கனமல்ல, அதற்குள் அசையாமல் நிற்கும் காற்று. பாலியெஸ்டர் இழைகள் அந்தக் காற்றைப் பிடித்து வைக்கின்றன. நெருக்கமாக நெய்த நைலான் வெளிக்காற்று உள்ளே ஊடுருவாமல் தடுக்கிறது. ஆனால் பிடித்து வைக்கும் காற்றும் கொஞ்சம்தான் என்பதை நான் ஒப்புக்கொள்ள வேண்டும். ஹீட்டர் ஓடும் வீட்டில், சோபாவில், காரில், மே மாதத்து முகாம் இரவில் இது ஒன்றே போதும். நியூ ஜெர்சியின் ஜனவரியில் ஹீட்டர் நின்றுபோனால் போதாது. அன்றைக்குக் கனத்த ரஜாய்க்கு (பஞ்சடைத்த போர்வைக்கு) அடியில் இதை இரண்டாவது அடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள், வித்தியாசம் தெரியும். தனியாக இதை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

சொல்லாமல் விற்றுவிட்ட சில குறைகளும் உண்டு. நைலான் என்பதால் புரளும்போது சரசரக்கும். தூக்கம் லேசானவர்களுக்கு முதல் இரண்டு இரவு எரிச்சலாக இருக்கும். குளிர்காலத்தின் வறண்ட காற்றில், இருட்டில் சட்டென்று இழுத்தால் நிலைமின்சாரம் பொறி பறக்கும். ஆபத்தில்லை, ஆனால் பாட்டிமார்கள் பயந்துவிடுகிறார்கள். பித்தவெடிப்பு உள்ளவர்கள் கால்களில் எண்ணெயோ வாசலினோ தடவி, சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள். வெடித்த குதிகால் அந்தத் துணியில் மாட்டி இழுக்கும் உணர்வு எனக்கே கூசும்.

இதில் விளையாட்டில்லாத ஒன்று நெருப்பு. நைலானும் பாலியெஸ்டரும் சூட்டில் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். முகாமில் தீ மூட்டி உட்காரும்போது இதைப் போர்த்திக்கொள்ளாதீர்கள். ஒரு பொறி விழுந்தாலே பட்டாணி அளவுக்கு ஓட்டை. குத்துவிளக்குப் பக்கத்திலும் அடுப்படியிலும் வேண்டாம். நெருப்பருகே உட்காரக் கம்பளிதான் சரி. அந்த ஓர் இடத்தில் கம்பளியை எதுவும் வெல்லாது.

துவைப்பது சுலபம். குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சமாகச் சோப்புத்தூள். ப்ளீச் கூடாது, துணி மென்மையாக்கும் திரவமும் கூடாது. உலர்த்தியில் குறைந்த சூடு, அல்லது கொடியில் போட்டால் போதும். முறுக்கிப் பிழியாதீர்கள், அலை அலையாக ஓடும் தையல் அறுந்தால் உள்ளிருக்கும் இழை ஒரு மூலையில் உருண்டுவிடும். தையல் விட்ட இடத்தை உடனே கையாலேயே நாலு இழை போட்டுவிடுங்கள். கிடங்கில் கிடந்த வாடை இரண்டு சலவையில் போய்விடும்.

அசல் எது, போலி எது என்று அடுத்துக் கேட்கிறார்கள். ஓரத்தில் தைத்திருக்கும் சீட்டைப் பாருங்கள். 8405 என்று தொடங்கும் 13 இலக்கப் பொருள் எண் இருக்கும். அதனோடு ஒப்பந்த எண்ணும் இருக்கும். அதன் நடுவில் சிறுகோட்டுக்குப் பின் வரும் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் ஒப்பந்தம் போட்ட நிதியாண்டு. படைக்கு வாங்கும் துணியை அமெரிக்காவிலேயே செய்ய வேண்டும் என்று 1941 முதல் சட்டம் இருப்பதால், வேறு நாட்டில் செய்ததாகச் சீட்டு சொன்னால் அது படைக்கு வாங்கியதாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. நம் கடையில் மலிவாக இருப்பவை சாம்பல் நிறக் கட்டம் போட்டவை. 2004-இல் ராணுவம் உருமறைப்புக்காக, அதாவது சுற்றுப்புறத்தோடு கலந்து ஒளிவதற்காக அறிமுகப்படுத்தி, எங்கேயும் சரியாக ஒளிய முடியவில்லை என்று பிறகு கைவிட்ட வடிவம் அது. சோபாவில் தூங்குவதற்கு ஒளிய வேண்டியதில்லை என்பதால் நான் அதையே வாங்கச் சொல்வேன்.

கரீபியன் கப்பல் பயணம் போகிறவர்கள் இதை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். பார்படாஸ், ஜமைக்கா போன்ற நாடுகளில் ராணுவ உருமறைப்பு வடிவத் துணியைப் பொதுமக்கள் அணிவதற்குத் தடை இருக்கிறது. தோளில் போட்டுக்கொண்டு இறங்கி, போர்வைதானே என்று அங்கே வாதாட வேண்டாம்.

பழைய அட்டையைப் பார்த்து வாங்கியவர்கள் இந்த மாதம் முடிவதற்குள் கொண்டுவந்தால் முழுப் பணமும் திருப்பித் தருகிறோம். ரசீது தேவையில்லை. துவைத்துவிட்டேனே என்று தயங்கவும் வேண்டாம். நாடாவை வெட்டியவருக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன அம்மா பணத்தை வாங்கிக்கொண்டு போய், மறுவாரம் மகளுடைய காருக்கு என்று ஒன்று வாங்கிப் போனார். இந்தமுறை நிமிண்டிப் பார்க்கவில்லை, விலையைத்தான் பேரம் பேசினார்.

இப்படிக்கு,
உங்கள் கடைக்காரர்