ஏந்திரக்கல் இன்னும் எங்கள் திண்ணையில்தான் இருக்கிறது

அன்புள்ள ஊர்ப் பெரியவர்களுக்கும், அண்ணன், அக்கா, தம்பி, தங்கைகளுக்கும் வணக்கம்.

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா முடிந்து, வந்த சொந்தமெல்லாம் பஸ் ஏறிப் போயாயிற்று. எங்கள் திண்ணையில் மட்டும் மாவு அரைக்கும் ஓர் ஏந்திரக்கல், இரண்டு பல்லாங்குழிப் பலகை, ஓட்டை விழுந்த, தண்ணீர் இறைக்கும் இரும்புச் சால், யார் வீட்டுடையது என்றே தெரியாத ஒரு பித்தளைச் சொம்பு எல்லாம் கிடக்கின்றன. அவரவர் பொருளை அவரவர் வீட்டில் சேர்ப்பதற்கு முன்னால் நன்றியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

வெளியூரில் இருக்கும் நம்மவர்களுக்காக நடந்ததைச் சொல்கிறேன். பெங்களூரிலிருந்து வந்திருந்த அக்கா பேத்தி, என் அம்மாவின் கையிலிருந்த வட்டத் தழும்பைத் தொட்டுப் பார்த்து, "ஆயா, இது யாரு கடிச்சது?" என்று கேட்டாள். அம்மை குத்திய தழும்பு. அம்மை குத்துகிறவர் வருகிறார் என்றால் தெருப்பிள்ளைகள் மொத்தமும் மல்லாட்டை (வேர்க்கடலை)க் கொல்லையில் போய்ப் படுத்துக்கொண்ட கதையை அம்மா சொன்னார். பக்கத்து வீட்டுச் சித்தி வந்து தன் தழும்பைக் காட்டினார். எதிர் வீட்டு மாமா சட்டைக் கையைச் சுருட்டினார். இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது என்று 1977-இல் அறிவித்துவிட்டார்கள். அதனால் அந்தத் தழும்பு எங்கள் பிள்ளைகள் வயதுக்காரர் யாருக்கும் இல்லை. ஒரு நோய் போனதற்கு அடையாளம் அந்தக் கிழங்களின் கையில் மட்டும் இருக்கிறது என்று நான் சொன்னேன். "யாருடா கிழம்?" என்று மாமா கேட்டார். மறுநாள் சாயங்காலம் பழைய கதை சொல்லவும் கேட்கவும் வந்தவர்களால் திண்ணை கொள்ளவில்லை. அப்படியே நான்கு நாள் ஓடிவிட்டது.

முதல் நன்றி மேட்டுத் தெரு பெரியம்மாவுக்கு. ஏந்திரக்கல்லைக் கொடுத்தனுப்பியதோடு நிற்காமல், பின்னாலேயே முறத்தில் கேவுரும் (கேழ்வரகு) எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எதிரெதிரே இருவர் உட்கார்ந்து, ஒரே கட்டையை மாற்றி மாற்றித் தள்ள வேண்டும். அக்கா பேத்தியும் இன்னொரு குட்டியும் கால் மணி நேரம் சுற்றினார்கள். ஓர் ஆழாக்கு மாவு தேறியது. எட்டு ஆழாக்கு ஒரு படி. அந்த நாளில் ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை படி என்று பெரியம்மா கணக்குச் சொன்னதும் இருவரும் நைசாக எழுந்து போய்விட்டார்கள். பிறகு அவரே நொய்யை வேகவைத்து, மாவைக் கொட்டி, துடுப்பால் கிளறி, ஈரக் கையால் களி உருட்டிப் போட்டார். மல்லாட்டைத் துவையல் ஒரு பக்கம், இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு ஒரு பக்கம். களியை மெல்லக் கூடாது, குழம்பில் புரட்டி விழுங்க வேண்டும் என்று சொல்லியும் பிள்ளைகள் மென்று பார்த்து முகத்தைச் சுளித்தார்கள். "டாக்டர் சொன்னாருன்னு இப்போ கேவுரு வாங்கித் திங்கிறீங்க. நாங்க நெல்லுச் சோத்துக்கு அழுவோம். தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் அது" என்றார் பெரியம்மா. அந்தக் களியை நான் நான்கு உருண்டை சாப்பிட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

ஆசாரி அண்ணனுக்கு நன்றி. பதினோரு பம்பரம் கடைந்து ஆணி இறக்கிக் கொடுத்துவிட்டு, காசு வேண்டாம் என்று கையை விரித்துவிட்டார். பம்பரம் விடத் தெரிந்த பெரியவர்களுக்கு அன்றைக்கு வந்த வீறாப்பு இருக்கிறதே! அறுபத்தெட்டு வயது மாமா, சுற்றும் பம்பரத்தைச் சாட்டையால் மேலே தூக்கிக் கையில் பிடிக்கும் 'அபீட்' எடுக்கிறேன் பேர்வழி என்று சாட்டையைச் சுண்டி, பம்பரம் எகிறி எங்கள் வீட்டு ஜன்னலில் பட்டது. கண்ணாடிக்குக் காசு வேண்டாம் மாமா, தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வராதீர்கள். நுங்குக் குலையை இறக்கிக் கொடுத்த பனந்தோப்பு அண்ணனுக்கும் நன்றி. நுங்கைத் தின்று முடித்த இரண்டு வெறுங்காயை, அதாவது கூந்தலை, குச்சியில் கோத்து, கவைக் கொம்பால் தள்ளிக்கொண்டு ஓடினால் வண்டி. இதற்குப் பெரியவர்கள் விளக்கம் சொல்ல வேண்டியே இருக்கவில்லை; கையில் கொடுத்ததும் பிள்ளைகள் ஓடினார்கள்.

ஆற்று விஷயத்துக்கு வருகிறேன். பாலாற்றில் ஊற்று தோண்டிக் காட்டுகிறேன் என்று பெரியப்பா ஒரு காலையில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனார். அவருடைய சின்ன வயதில் கோடையில்கூட முழங்கால் ஆழம் மணலைத் தள்ளினால் போதுமாம். முதலில் கலங்கல் வரும், அதைக் கொட்டாங்கச்சியால் மொண்டு ஊற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுத்தால் கண்ணாடி மாதிரித் தண்ணீர் சுரக்கும். அதில்தான் ஊரே குடித்தது. இப்போது மணல் எங்கே இருக்கிறது? லாரி லாரியாகப் போனதுபோக மிச்சம் களிமண்ணும் சீமைக்கருவேலமும்தான். இடுப்பளவு தோண்டினோம். ஈரம் மட்டும் தெரிந்தது. பெரியப்பா ஒன்றும் பேசவில்லை. பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்து, அந்த ஈர மண்ணை உருட்டிக்கொண்டே இருந்தார். "ஜேசிபி எடுத்தாரட்டுமா பெரியப்பா?" என்று ஒரு தம்பி கேட்டான். நல்ல மனசோடுதான் கேட்டான். தம்பி, நான் அப்போது உன்மேல் எரிந்து விழுந்ததற்கு மன்னித்துக்கொள். 2021 நவம்பரில் இதே ஆற்றில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனபோது, பாலத்துக்கு வண்டியில் பெரியப்பாவைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியவனும் நீதான். அதையும் மறக்கவில்லை.

மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையின் இரும்புச் சாலை நம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து மீட்டுக் கொடுத்தவருக்கும், மாடு சரிவில் இறங்கும்போது வடத்தின்மேல் குந்திக்கொண்டு போன சுகத்தை நடித்தே காட்டியவருக்கும் நன்றி. கூத்துக்காரத் தாத்தாவுக்குத் தனியாக ஒரு கும்பிடு. திரௌபதி அம்மன் கோயில் அக்னி வசந்த விழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கும், பிள்ளைகள் கோணிமேல் தூங்கிவிடும், துரியோதனன் வரும்போது மட்டும் தட்டி எழுப்புவார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்து, சட்டென்று எழுந்து நின்று துரியோதனனாகவே அடவு போட்டார். தலையில் கிரீடமும் இல்லை, தோளில் புஜக்கட்டையும் இல்லை, துண்டு ஒன்றுதான். நடுவில் நின்றிருந்த கடைக்குட்டி அழுதுவிட்டது.

அடுத்து வாத்தியார் ஐயா. ஐயா, உங்களுக்குத்தான் நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன்.

நீங்கள் கொண்டுவந்த ஓரணாக் காசும் நயா பைசாவும் பிள்ளைகள் கையில் சுற்றிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நூறு பைசாக் கணக்கு வந்தபோது நீங்கள் நான்காம் வகுப்பு. ஓரணாவுக்கு ஆறு நயா பைசா என்றார்கள். ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா. அப்படியானால் பதினாறு முறை ஆறு ஆறாகக் கொடுத்துக் கமர்கட் வாங்கினால் தொண்ணூற்றாறுதான் ஆகும், நாலு பைசா மிச்சம்! இதைக் கண்டுபிடித்துக் கடைக்காரச் செட்டியாரிடம் போய்ச் சொன்னதற்கு நீங்கள் வாங்கிய கொட்டு உலகப் பிரசித்தம். ஒரு ரூபாய் உங்கள் கையில் எப்போதாவது இருந்ததா என்று என் அக்கா மகன் கேட்டான். "இல்லை தம்பி, கணக்கு மட்டும்தான் இருந்துச்சு" என்றீர்கள். சிலேட்டைக் கோவை இலையும் கரியும் அரைத்துத் தேய்த்துக் கறுப்பாக்குவதையும் காட்டினீர்கள்.

நான் முதலில் கூட்டத்தைக் கோயில் மண்டபத்தில் வைக்கலாம் என்றுதான் சொன்னேன். காலனியிலிருந்து நீங்கள் வரமாட்டீர்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. போனில் நீங்கள் கோபப்படவில்லை. "அந்த மண்டபத்துப் படியில எனக்கு நல்ல ஞாபகம் எதுவும் இல்லப்பா, பள்ளிக்கூடத்துப் பக்கம்னா வரேன்" என்று மட்டும் சொன்னீர்கள். பிறகு திண்ணை கொள்ளாமல் போனதும் பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடிக்கே போய்விட்டோம். அங்கே வைத்துப் பிள்ளைகளிடம் சொன்னீர்கள்: அந்த நாளில் தண்ணீர்ப் பானையை நீங்கள் தொட முடியாது, யாராவது மேலிருந்து ஊற்றினால் கையேந்திக் குடிக்க வேண்டும், ஊற்ற ஆள் வராத நாளில் தாகத்தோடே வீட்டுக்கு ஓட வேண்டும் என்று. அதே பள்ளியில் பின்னால் பாடம் நடத்தியதையும் சொன்னீர்கள். "அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்று அதுவரை பத்து தடவையாவது நான் சொல்லியிருப்பேன். அதற்குப் பிறகு சொல்ல வாய் வரவில்லை.

மிச்சமிருந்ததை அத்தை கவனித்துக்கொண்டார். பல்லாங்குழியில் நாலு காய் சேர்ந்த குழியையெல்லாம் 'பசு' என்று எடுத்து எங்களையெல்லாம் தோற்கடித்துக்கொண்டிருந்தவர், மாமா கோலியைப் பற்றிப் பெருமை பேசியதும் நிமிர்ந்தார். "நீங்க கோலி ஆடும்போது நான் இடுப்புல ஒரு தம்பி, தலைமேல ஒரு குடம். ஆத்துக்கும் வூட்டுக்கும் நடந்துகினே இருந்தேன். ஊத்து நல்லா இருந்துச்சாம்! மொண்டு பாத்தாத்தான் தெரியும். அஞ்சாவதோட நிறுத்திட்டாரு நைனா. ஏன்னு யாராவது கேட்டீங்களா?" யாரும் வாய் திறக்கவில்லை. அவரே மறுபடி புளியங்கொட்டையை அள்ளிக் குழியில் போட ஆரம்பித்தார். கொஞ்சம் கழித்து, தம்பிகளை உறங்க வைத்துவிட்டுப் பெண்பிள்ளைகள் மத்தியானத்தில் அஞ்சாங்கல் ஆடிய இடத்தைக் காட்டினார்: எங்கள் வீட்டுத் திண்ணையின் பின்மூலை. ஐம்பது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், கல் உரசி வழவழத்த அந்த இடத்தில் சைக்கிளைத்தான் நிறுத்தியிருக்கிறேன். அத்தை, சைக்கிளை எடுத்துவிட்டேன்.

சமையலுக்கு விறகு கொடுத்தவர்கள், மைக் செட் வேண்டாம் என்றபோதும் லைட்டாவது போடுகிறேன் என்று ஒயர் இழுத்த தம்பி, நான்கு நாளும் டீ போட்ட அண்ணி, எல்லாருக்கும் நன்றி. யார் பெயராவது விட்டிருந்தால் நேரில் திட்டுங்கள்.

கடைசியாக ஒரு குற்ற ஒப்புதல். ஏந்திரக்கல்லின் கைப்பிடிக் கட்டையை உடைத்தது எங்கள் வீட்டு வாண்டுதான். ஆசாரி அண்ணனிடம் புதுக்கட்டைக்குச் சொல்லியிருக்கிறேன், வெள்ளிக்கிழமை தருவதாகச் சொன்னார். சனிக்கிழமை கொண்டுவந்து வைக்கிறேன் பெரியம்மா. பித்தளைச் சொம்புக்கு உரியவர் அதற்குள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வாயோரம் சின்ன நசுங்கல் இருக்கிறது, அது முன்னாலேயே இருந்ததா என்று அம்மாவுக்கும் எனக்கும் இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

இப்படிக்கு,
கிணற்றங்கரை வீட்டுப் பையன்
பள்ளிகொண்டா பக்கம், வேலூர் மாவட்டம்
(1989-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு: வடஆற்காடு ஜில்லா)