ஆறுகள் கைகொட்டினால் பிழையா?

ஐயா,

வேதாகமம் (பைபிள்) நம்பத்தக்கதா என்று களியக்காவிளைப் பக்கம் நடந்த விவாதக் கூட்டம் பற்றிய செய்தியை உங்கள் நாளிதழில் படித்தேன். அதிலுள்ள 98-ஆம் சங்கீதத்தில் ஆறுகள் கைகொட்டுவதைப் பிழை என்கிறார் ஒருவர். கடவுளால் ஆகாதது உண்டா என்கிறார் மற்றவர். அது பாட்டு என்பதை இருவருமே மறந்துவிட்டார்கள். உவமைக்கென்றே தொல்காப்பியத்தில் ஓர் இயல் இருக்கும் மொழியில் இப்படி ஒரு சண்டை நடப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. ‘நானே வாசல்’ என்று இயேசு சொன்னதைக் கேட்டு யாரும் தாழ்ப்பாளைத் தேடுவதில்லையே! அதற்காக, சிக்கலான வசனம் வந்தாலே உருவகம் என்று நழுவுவதும் சரியல்ல. லூக்கா எழுதிய நற்செய்தியின் 3-ஆம் அதிகாரம் ரோமப் பேரரசர் திபேரியு ராயன் அரசாண்ட 15-ஆம் வருஷம் என்று தொடங்குகிறது. அது வரலாற்றுக் கூற்று. அதை வரலாற்றைக் கொண்டு சோதிக்கலாம், சோதிக்கவும் வேண்டும்.

குழித்துறை அருகே ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். இதே சங்கீதத்தை வாசித்தபோது ஒரு சிறுமி, “ஆத்துக்குக் கை உண்டா சார்?” என்று கேட்டாள். பதில் சொல்லாமல் பிள்ளைகளைத் தாமிரபரணிக் கரைக்கு அழைத்துப் போனேன். முந்தின நாள் நல்ல மழை. தடுப்பணையில் தண்ணீர் படபடவென்று அடித்து விழுந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் காதுகொடுத்து நின்றவள், “தட்டுது சார்” என்றாள். அடுத்த கூட்டத்தை நடத்துபவர்கள் போதகரோடும் பகுத்தறிவாளரோடும் ஒரு தமிழாசிரியரையும் மேடையில் உட்கார வைக்கட்டும். ஒவ்வொரு வசனமும் பாட்டா, உவமைக் கதையா, வரலாறா, கடிதமா என்று அவர் முதலில் சொல்லட்டும். அப்புறம் வாதம் தொடங்கட்டும்.

ஒரு வாசகர்,
குழித்துறை